பட்டியல் போடும் முன் பணம் கேட்காதீர்கள்: உயர்கல்வித் துறைக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், கல்லூரிக் கல்வி ஆணையர் அவர்களுக்கும், சென்னையில் உள்ள அரசு உதவி பெறும் கலை, அறிவியல் கல்லூரிகளின் நிர்வாகிகளுக்கும்,

போன வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். புடவைகளை உதறிக் காட்டிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு "மிஸ்" என்றாள். 2024-ல் பிளஸ் டூ முடித்தவள். 600-க்கு 521. நான் நடத்திய பொருளியலில் 97. கணக்குப்படி இந்நேரம் அவள் பி.காம். இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். "டிசி இன்னும் காலேஜ்லயேதான் இருக்கு மிஸ்" என்று மட்டும் சொன்னாள். சூபர்வைசர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் பேச முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வடசென்னையில் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் பொருளியல் நடத்திவிட்டு, போன மே மாதம் ஓய்வு பெற்றவள். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து ஜூலை பிறக்கும் வரை எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. பிள்ளைகளும் பெற்றோரும் மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்தபடி வருவார்கள். "எந்தக் காலேஜ்ல போடலாம் டீச்சர்?" என்று கேட்பார்கள். 26 வருடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பல முறை தவறாகவும் சொல்லியிருக்கிறேன். இந்தப் பெண் விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது.

அவளுடைய அப்பா காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை செய்கிறார். அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். அந்த வீட்டில் பிளஸ் டூ தாண்டிய முதல் ஆள் அவள்தான். 2024 மே 6-ஆம் தேதி தேர்வு முடிவு வந்தது. மூன்றாம் நாள் தாயும் மகளும் நகரத்தில் உள்ள ஒரு கல்லூரிக்குப் போனார்கள். எந்தக் கல்லூரி என்று இங்கே எழுதப் போவதில்லை. அதே போல நடந்துகொள்ளும் கல்லூரிகள் பல இருக்கின்றன, ஒன்றைச் சொல்லி மற்றவற்றைத் தப்பிக்கவிட எனக்கு விருப்பமில்லை. வாசல் பலகையில் கல்லூரிப் பெயருக்குக் கீழே "அரசு உதவி பெறும் கல்லூரி" என்று எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. போகும் முன் என்னிடம் போனில் கேட்டபோது நானும் "நல்ல காலேஜ்தான், தைரியமா போங்க" என்று சொன்னேன்.

உள்ளே கவுண்டரில் சொன்னது இதுதான்: "பி.காம். எய்டட் லிஸ்ட் இன்னும் போடலை. எப்ப போடுவாங்கன்னு சொல்ல முடியாது. எஸ்.எஃப்.ல சீட் இருக்கு. நாளன்னைக்குள்ள கட்டிடுங்க, இல்லன்னா அதுவும் போயிடும்." எய்டட் என்றால் என்ன, எஸ்.எஃப். என்றால் என்ன என்று யாரும் விளக்கவில்லை. எய்டட் என்பது ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் பிரிவு, எஸ்.எஃப். என்பது மாணவர் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவு. வருடத்துக்கு 46,000 ரூபாய், முதல் தவணை 28,000. அம்மாவின் கம்மலும் ஒரு சின்னச் செயினும் அடகுக் கடைக்குப் போயின. மறுநாள் பணத்தைக் கட்டிவிட்டு மதிப்பெண் பட்டியலையும் அசல் மாற்றுச் சான்றிதழையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரசீதின் அடியில், ஒருமுறை கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று ஒரு வரி ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

அதே வாரத்தில் பள்ளிக்குப் பக்கத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தையும் நானே அவளுக்காக நிரப்பியிருந்தேன். பொதுக் கலந்தாய்வு ஜூன் 10-ஆம் தேதி தொடங்கியது. அந்த வாரமே ஓர் அரசு மகளிர் கல்லூரியில் பி.காம். இடத்துக்கு அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. மற்ற கட்டணங்களைக் கூட்டினாலும் அவள் ஏற்கெனவே கட்டியதில் ஒரு சிறு பங்குதான் வரும். சந்தோஷமாக முதல் கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழைக் கேட்டாள். பணம் திரும்பாது என்றார்கள். சான்றிதழ் வேண்டுமானால் மீதித் தவணையையும் கட்டிவிட்டு வாங்கிப் போ என்றார்கள். அசல் சான்றிதழ் இல்லாமல் கலந்தாய்வில் சேர முடியாது. இரண்டு நாள் அலைந்துவிட்டு, போன பணம் போகட்டும் என்று விடவும் முடியாமல், அங்கேயே படிக்கத் தொடங்கினாள். நவம்பரில் இரண்டாம் தவணை கட்ட வேண்டியிருந்தது. அந்த மாதம் அப்பாவுக்கு ஐஸ் கட்டி விழுந்து கையில் எலும்பு முறிவு. கட்ட முடியவில்லை. ஹால் டிக்கெட் கொடுக்கவில்லை. ஜனவரியில் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டாள்.

பெரிய அநியாயம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் அடித்து விரட்டவில்லை. ஆனால் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். மே 6-க்கும் ஜூன் 10-க்கும் இடையில் ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில்தான் எங்கள் பகுதியில் நகைகள் அடகுக்குப் போகின்றன. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று தெரியாது. உதவி பெறும் கல்லூரியின் எய்டட் பட்டியல் எப்போது வரும் என்று தெரியாது. கையில் இருப்பது பணம் கட்டினால் மட்டும் கிடைக்கும் ஓர் இடம், அதற்கும் இரண்டு நாள் கெடு. இந்த நிலையில் எந்தத் தாயும் கம்மலைக் கழற்றித்தான் கொடுப்பாள்.

பணத்தைத் திருப்பித் தருவதற்கு விதி இல்லாமலும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்போ அதற்கும் முன்னதாகவோ விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். நிர்வாகச் செலவு என்று 5 சதவீதம் வரை பிடிக்கலாம், அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடைசி நாள் நெருங்கிவிட்டால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து பதினைந்து நாளுக்குள் என்றால் 80 சதவீதம், முப்பது நாளுக்குள் என்றால் பாதி. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி தன் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. நான் இதை அறிந்துகொண்டது அந்தப் பெண் கல்லூரியை விட்ட பிறகு. 26 வருடம் ஆசிரியையாக இருந்த எனக்கே தெரியாத ஒரு விதி, ஐஸ் உடைப்பவருக்கு எப்படித் தெரியும்? கல்லூரி அலுவலகங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டுதான் அந்த ரசீதை அச்சடிக்கிறார்கள்.

கல்லூரி நிர்வாகிகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். "அரசு உதவி பெறும்" என்ற சொற்களை வாசலில் எழுதிவிட்டு, உள்ளே நுழைகிறவர்களுக்கு முதலில் சுயநிதி இடத்தைக் காட்டுவது எந்த வகையில் நேர்மை? ஒரே வளாகம், ஒரே நிர்வாகம், கடைசியில் கைக்கு வருவதும் ஒரே சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். ஒரு பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை மக்கள் வரிப்பணம் கொடுக்கிறது. அங்கே மாணவர் கட்டுவது வருடத்துக்குச் சில ஆயிரம். அடுத்த பிரிவில் அதே பாடத்துக்குப் பத்து மடங்கும் அதற்கு மேலும் கேட்கிறீர்கள். பி.சி.ஏ., விஸ்காம் போன்ற பிள்ளைகள் விரும்பும் புதிய படிப்புகள் பெரும்பாலும் சுயநிதிப் பக்கம்தான் இருக்கின்றன, அது எனக்குப் புரிகிறது. சுயநிதி வகுப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பணத்தில்தான் பல துறைகள் ஓடுகின்றன என்பதையும் அறிவேன். ஆனால் இரண்டு கதவு இருக்கிறது என்பதை வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். எங்கள் பெற்றோரில் பத்தில் எட்டுப் பேருக்கு அப்படி இரண்டு கதவு இருப்பதே தெரியாது.

சென்னைக்குக் கல்லூரி பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது. கிறித்தவக் கல்லூரி 1837-ல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது, மாநிலக் கல்லூரி 1840, பச்சையப்பன் 1842. பல்கலைக்கழகம் 1857-ல் கல்கத்தா, பம்பாயோடு சேர்ந்து பிறந்தது. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. பெண்களுக்கென்று ராணி மேரிக் கல்லூரி 1914-லேயே கடற்கரைச் சாலையில் வந்துவிட்டது. 2003-ல் அந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்டப் போகிறார்கள் என்றபோது மாணவிகள் வளாகத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்து அதைக் காப்பாற்றினார்கள். அந்த நாட்களில் என் பழைய மாணவி ஒருத்தி அங்கே படித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் பிடித்திருந்த அட்டையைப் பற்றி இன்றும் பேசுவாள்.

இத்தனை பெரிய பட்டியலில் எங்கள் பிள்ளைகளுக்கு எட்டுவது எவை என்று பார்த்தால் கணக்கு சுருங்கிவிடுகிறது. பழைய சென்னை நகர எல்லைக்குள் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: மாநிலக் கல்லூரி, ராணி மேரி, காயிதே மில்லத், நந்தனம், பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் கல்லூரி, பிறகு ஆர்.கே. நகரில் வந்த புதிய கல்லூரி. லட்சக்கணக்கான குடும்பங்கள் வாழும் வடசென்னைக்கு இவற்றில் கடைசி மூன்றுதான். அரசு உதவி பெறும் கல்லூரி என்று பக்கத்தில் சொல்ல சர் தியாகராயா கல்லூரி இருக்கிறது. 2021-ல் மெட்ரோ ரயில் வந்தபோது ஒரு நிலையத்துக்கே அந்தக் கல்லூரியின் பெயரை வைத்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நான் பார்த்தேன்.

நான் பாரதி மகளிர் கல்லூரியில் படித்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில், தண்டையார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் போய் பி.ஏ. பொருளியல் படித்தேன். என் அம்மா அந்தப் படிப்புக்காக எதையும் அடகு வைக்கவில்லை. அப்போது எங்கள் தெருவிலேயே மூன்று பேர்தான் கல்லூரிக்குப் போனோம். இன்று வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள். 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி, 18 முதல் 23 வயதுக்குள் உயர்கல்விக்குச் செல்வோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4-தான். இதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்த பிறகு, பெண்ணைப் படிக்க வைக்கலாமா என்று தயங்கிய குடும்பங்கள் மாறியதை என் கண்ணால் கண்டேன். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. இத்தனையும் செய்திருக்கும் ஓர் அரசு, கல்லூரி வாசலில் அந்த ஐந்து வாரத்தை மட்டும் ஏன் இப்படிக் கவனிக்காமல் விட்டுவைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்காதது. வருடம் முழுக்க நீங்கள் கொடுக்கும் 12,000 ரூபாயைவிட அதிகமான தொகை அந்த ஐந்து வாரத்தில் ஒரே தவணையாக அந்தக் குடும்பங்களிடமிருந்து போய்விடுகிறது.

விண்ணப்பச் செலவையும் சொல்ல வேண்டும். அரசுக் கல்லூரிகளுக்கு 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணம், 2 ரூபாய் பதிவுக் கட்டணம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஒரு விண்ணப்பத்திலேயே ஐந்து கல்லூரிகள் வரை குறிக்கலாம். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் உதவி பெறும் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணையதளம், தனித்தனிக் கட்டணம், தனித்தனிக் கடைசித் தேதி. நாலைந்து கல்லூரிக்குப் போட்டால் பிரௌசிங் சென்டர் செலவோடு ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே எங்கள் பிள்ளைகள் ஒரு கல்லூரிக்கு மட்டும் போடுவார்கள். கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு அவ்வளவுதான். வீட்டில் படித்தவர்கள் இருக்கும் பிள்ளை ஏப்ரலிலேயே எட்டுக் கல்லூரிக்குப் போட்டு முடித்திருக்கும்.

அடுத்து, பள்ளி வாசலுக்கே வந்து நிற்கும் ஏஜென்டுகள். தேர்வு முடிவு வரும் நாளில் துண்டுச் சீட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகளின் போன் நம்பர் எங்கிருந்தோ அவர்களுக்குக் கிடைத்துவிடும். "யுனிவர்சிட்டி" என்ற ஒரு சொல் போதும், பெற்றோர் மயங்கிவிடுவார்கள். அண்ணா பல்கலைக்கழகமும் ஒரு பல்கலைக்கழகம், இந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஒரு பல்கலைக்கழகம், அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று ஓர் அப்பா என்னிடம் கேட்டார். கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களும் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வரும், நிகர்நிலைகள் வராது, அங்கே கட்டணமும் சேர்க்கையும் வேறு என்று அவருக்கு விளக்க அரைமணி நேரம் ஆனது. அவர் என்னிடம் வந்தார், பிழைத்தார். வராதவர்களை நினைத்துத்தான் வருத்தம்.

அப்படி வராமல் போனவர்களில் ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன். 2021-லிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும். ஆனால் கலந்தாய்வு தொடங்க ஜூலை ஆகிவிடும். மே மாதமே ஓர் ஏஜென்ட் அவனை ஒரு கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார். "ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றேன்" என்ற வாய்ச்சொல்தான் உத்தரவாதம். அவனுடைய மதிப்பெண்ணுக்கு ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்திருக்கக்கூடிய படிப்புக்கு, அவனுடைய அண்ணன் இன்று வரை மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. 1891-ல் தொடங்கி, பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த சட்டக் கல்லூரியை 2018-ல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றினீர்கள். 2008-ல் வளாகத்தில் நடந்த மோதலைக் காரணம் காட்டினீர்கள். எங்கள் பகுதியிலிருந்து நடந்தே போய்ச் சட்டம் படித்தவர்கள் உண்டு. காலையில் வேலை பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு. இன்று கேளம்பாக்கம் தாண்டியோ திருவள்ளூர் தாண்டியோ போய் வர ஒரு நாளில் பாதி போய்விடும். இடமாற்ற உத்தரவு எழுதும்போது, அந்தக் கல்லூரிக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பாவது நடந்ததா? நகரத்தின் நடுவில் மிச்சமிருக்கும் அரசுக் கல்லூரி நிலங்களைப் பற்றி எனக்குள்ள பயம் இங்கிருந்து வருவதுதான்.

இருக்கும் அரசுக் கல்லூரிகளின் உள்நிலை பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, உங்கள் கோப்புகளிலேயே இருக்கும். நிரந்தர வேலை இல்லாத கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் பல துறைகள் நடக்கின்றன. 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. ஆகஸ்டில் நடந்திருக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போடப்பட்டது. "கவர்ன்மென்ட் காலேஜ்ல வாத்தியாரே இல்லையாமே" என்று சொல்லித்தான் ஏஜென்டுகள் எங்கள் பெற்றோரைக் கலைக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தது நீங்கள்.

இனி நான் கேட்பவை.

முதலாவது, காலவரிசை. அரசுக் கல்லூரிகளின் முதல் பொதுக் கலந்தாய்வு முடியும் வரை, தன் எய்டட் இடங்களின் தரவரிசைப் பட்டியலை வெளியிடும் வரை, எந்த அரசு உதவி பெறும் கல்லூரியும் சுயநிதி இடத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஆணை பிறப்பியுங்கள். விண்ணப்பம் வாங்கட்டும், இடத்தை ஒதுக்கியும் வைக்கட்டும். பணம் மட்டும் பிறகு. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கல்லூரிகளுக்கு ஒவ்வொரு மாதமும் சம்பளப் பணம் அனுப்புவது நீங்கள்தானே?

உதவி பெறும் கல்லூரிகளின் எய்டட் இடங்களையும் அரசுக் கல்லூரிகளின் அதே இணைய விண்ணப்பத்தில் சேருங்கள். பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறை இத்தனை ஆண்டுகளாக நடக்கும்போது பி.காம். படிப்புக்கு அது முடியாத காரியமில்லை. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசியல் சட்டம் தந்திருக்கும் உரிமையில் கை வைக்கச் சொல்லவில்லை. அவர்களுடைய ஒதுக்கீடு போக மீதி இடங்களும், எல்லா இடங்களின் தரவரிசையும், எல்லோரும் பார்க்கும்படி ஒரே இடத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு கல்லூரியும் ஏப்ரல் 30-க்குள் ஒரு பக்கப் பட்டியல் ஒன்றைத் தமிழில் வெளியிட வேண்டும். எந்தப் படிப்பு எய்டட், எது சுயநிதி, காலையா மாலையா, எத்தனை இடம், சீருடை, ஆய்வகம், தேர்வு, இன்னபிற எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, போன ஆண்டு கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் என்ன என்பது அதில் இருக்க வேண்டும். இணையத்தில் மட்டும் போட்டால் போதாது, சேர்க்கை கவுண்டருக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும். வாசலில் "அரசு உதவி பெறும் கல்லூரி" என்று எழுதும் இடத்திலேயே, சுயநிதிப் பிரிவும் உண்டு என்று எழுதச் சொல்லுங்கள்.

மானியக் குழுவின் 2018 அறிவிப்பைத் தமிழில் ஒரு சுற்றறிக்கையாக எல்லாக் கல்லூரிகளுக்கும் எல்லா மேல்நிலைப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். பணம் திரும்பாது என்று ரசீதில் அச்சடிப்பதைத் தடை செய்யுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை, சான்றிதழைப் பிடித்துவைத்திருக்கும் கல்லூரி மீது புகார் சொல்ல ஓர் அதிகாரியும் ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். சென்னை மாவட்டத்துக்கு மட்டுமாவது தொடங்குங்கள். புகார் வந்த மூன்று நாளுக்குள் சான்றிதழ் மாணவர் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் கலந்தாய்வு அதற்கு மேல் காத்திருக்காது.

தேர்வு முடிவு வந்த முதல் இரண்டு வாரம், ஒவ்வொரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியிலும் உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் உட்கார வேண்டும். உதவி மையங்கள் கல்லூரிகளில் இருக்கின்றன என்று தெரியும். ஆனால் முதல் தலைமுறைப் பெற்றோருக்குக் கல்லூரி வாசல் பழக்கமில்லாத இடம், பள்ளிக்கூடம்தான் பழகிய இடம். என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் சம்பளம் இல்லாமலே வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம், கூப்பிடுங்கள். அந்த இரண்டு வாரமும் பள்ளி வாசலில் ஏஜென்டுகள் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளையையும், கலந்தாய்வுக்கு முன் எங்கும் பணம் கட்டிவிடாதே என்று பெயர் சொல்லி அழைத்து எச்சரியுங்கள்.

வடசென்னையின் மூன்று அரசுக் கல்லூரிகளிலும் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகளில் இன்னொரு பிரிவு வேண்டும். அதற்கு நிரந்தர ஆசிரியர்களைப் போட்டுத் தாருங்கள். நகரத்துக்குள் இருக்கும் எந்த அரசுக் கல்லூரியையும் இனி வெளியே மாற்றும் முன், அதில் படிக்கும் பிள்ளைகளின் வீட்டு முகவரிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே நின்றுபோனவர்கள். கட்டணம் கட்ட முடியாமல் முதலாண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ விலகியவர்களுடைய சான்றிதழ்கள் எத்தனை கல்லூரி அலுவலகங்களில் கிடக்கின்றன என்று ஒரு கணக்கு எடுங்கள். பாக்கியைக் கேட்காமல் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரிகளில் கலந்தாய்வுக்குப் பிறகும் காலியாகக் கிடக்கும் இடங்களை வரும் ஜூனில் இவர்களுக்குக் கொடுங்கள். ஜவுளிக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாதி நாள் விடுமுறையாம். அப்போது வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், புது விண்ணப்பம் போட. அவளுடைய மாற்றுச் சான்றிதழ் அதற்குள் கைக்கு வர நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை